ஸ்டிக்கர் ஒட்டாத கொக்கு விளக்கு

அத்தியாயம் 14

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வீட்டைக் காலி செய்த கதை உங்களுக்குத் தெரியும். பொருளுக்காக அடித்துக்கொள்ளக் கூடாது என்று பிள்ளைகள் மூவரும் ஆளுக்கொரு நிறத்தில் வட்ட ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டார்கள். அண்ணனுக்குச் சிவப்பு, நடுவில் பிறந்தவளுக்குப் பச்சை, கடைக்குட்டிக்கு மஞ்சள். வேண்டியதில் ஒட்டிவிட வேண்டியது. எதுவும் ஒட்டாத பொருள் பழைய சாமான் கடைக்காரருக்கு. சண்டை வரவில்லை. மூவரும் அன்று போட்டி போட்டுக்கொண்டு பெருந்தன்மையாக இருந்தார்கள். வினையே அதுதான்.

இன்று சனிக்கிழமை. நடுவில் பிறந்தவள் காலை ஏழரை மணிக்கு அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா கட்டில் விளிம்பில் செருப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். காலடியில் அவருடைய பழுப்பு நிறத் துணிப்பை. ஜிப் இழுத்து மூடியிருந்தது.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"இன்னும் கிளம்பல. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன்."

"என்னத்தைப் பார்ப்பீங்க?"

"கொக்கை."

அவள் சுவரைப் பார்த்தாள். அண்ணன் புதிதாக மாட்டியிருந்த வெள்ளை விளக்கு பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

கொக்கு என்பது பறவை இல்லை. அப்பாவின் கட்டிலோரச் சுவரில் நாற்பது வருடமாக இருந்த விளக்கு. வட்டமான பித்தளைத் தகடு, அதிலிருந்து நீளும் மரக்கை, நடுவில் பித்தளை முட்டி, நுனியில் கவிழ்ந்த பித்தளைக் குடை. மரக்கையை மடக்கினால் சுவரோடு ஒட்டி நிற்கும், இழுத்தால் கழுத்தை நீட்டிக்கொண்டு புத்தகத்தின் மேல் குனியும். அப்பா வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அலுவலகத்தை மூடியபோது மற்றவர்கள் மேசையும் நாற்காலியுமாகத் தூக்கிப் போக, இவர் தன் பலகைக்கு மேலிருந்த விளக்கைக் கழற்றி எடுத்து வந்தார்.

"வயரிங் பார்க்கக் குடுத்திருக்குன்னு சொன்னேனேப்பா."

"திங்கக்கிழமை சொன்னே. புதன்கிழமையும் சொன்னே. வயர் என்ன செடியிலயா காய்க்குது?"

அவள் போய் வெள்ளை விளக்கை அணைத்தாள்.

"அந்த வீட்டுக்கு மாசக் கடைசி வரைக்கும் வாடகை குடுத்தாச்சு. அஞ்சு மணிக்கு நான் அங்க போறேன். கட்டில் இல்லாட்டி தரையில படுத்துக்கறேன்."

அந்த வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டு முறை அந்தப் படியில் விழுந்த பிறகுதான் அவரை இங்கே கொண்டுவரவே சம்மதம் கிடைத்தது. சம்மதித்ததும் சும்மா இல்லை. அவளிடம் மட்டும், அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "எனக்கு இப்ப நடுவுல பார்வை இல்ல, ஓரத்துலதான் இருக்கு. மத்த வெளிச்சத்துல எழுத்து ஓடுது. கொக்கை இழுத்துப் பிடிச்சாதான் எழுத்து நிக்குது. அது என்கூட வரணும்." வரும்பா என்றாள் அவள். அவ்வளவு சுலபமாக ஒரு வாக்கைக் கொடுத்தாள்.

கதவோரம் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பினாள். அண்ணி. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலை. இன்று விடுப்பு, ஆனாலும் நிற்கும் தோரணையில் சீருடை தெரிந்தது. அப்பாவின் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சமையலறைக்குப் போய்விட்டார்.

அவளுக்கு வேலை செயற்கைப் பல் செய்யும் கூடத்தில். அதனால் அண்ணன் அவளுக்குப் 'பல்லு' என்று பெயர் வைத்து இருபது வருடம் ஆகிறது. வீட்டில் இப்போது எல்லோருக்கும் அவள் பல்லுதான்.

பத்தரை மணிக்கு, மெழுகுத் தாடையில் கடைவாய்ப் பல்லை நிறுத்திக்கொண்டிருந்தபோது கடைக்குட்டியின் அழைப்பு வந்தது. அவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். திங்கட்கிழமை ஏறியவன் இன்றுதான் கரை தொட்டிருந்தான். ஐந்து நாளாக அவள் இந்த ஒரு அழைப்புக்காகத்தான் காத்திருந்தாள். விளக்கு அண்ணனிடம் இல்லை, அவளிடம் இல்லை. மிச்சம் இவன்தான்.

"கொக்கா? அது உன்கிட்ட இல்லையா?"

"என்கிட்ட இருந்தா உன்கிட்ட ஏன்டா கேக்கறேன்?"

"மஞ்சள் ஒட்டத்தான் போனேன் பல்லு. அண்ணன் முறைக்கிற மாதிரி இருந்துச்சு. சரி, அவனுக்கு வேணும் போல இருக்குன்னு விட்டுட்டேன்."

"அவன் மூஞ்சியே அப்படித்தான்டா! பொறந்ததுல இருந்து முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கான்!"

"அவன் ஏன் ஒட்டல?"

"எனக்குப் பிடிக்கும்னு எனக்காக விட்டானாம்."

"நீ?"

பக்கத்து மேசைப் பெண் எதையோ ராவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் ஓய்ந்ததும், "நானும் ஒட்டல," என்றாள்.

பச்சை ஸ்டிக்கரை விரல் நுனியில் வைத்துக்கொண்டு அந்த விளக்கின் கீழே நின்றது அவளுக்கு நினைவிருந்தது. தான் பச்சை ஒட்டினால், தன் வீட்டுக்கு எடுத்துப்போகிறாள் என்று நினைப்பார்கள். அப்பா போவது அண்ணன் வீட்டுக்கு, ஆகவே அண்ணன் சிவப்பு ஒட்டுவான். அதுதான் முறை. அவள் சிவப்புக்கு இடம் விட்டு நகர்ந்தாள். நிபந்தனையைப் பற்றி அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் 'அப்பா உன்கிட்ட மட்டும் சொன்னாரா?' என்று முகம் சுருங்கும். அதற்காகச் சொல்லவில்லை.

"அப்போ கடைக்காரன்தான் எடுத்துட்டுப் போயிருக்கான்," என்றான் தம்பி. "நம்ம மூணு பேரையும் பாடம் பண்ணி வைக்கணும் பல்லு. இப்படி ஒரு குடும்பம் கிடைக்காது."

அண்ணன் நில அளவை வேலைக்கு வெளியூர் போய் மூன்று நாளாகிறது. சாயங்காலம்தான் வருவான். அவள் அண்ணிக்கு போன் போட்டாள்.

"அண்ணி, கொக்கு அந்தக் கடையிலதான் இருக்கு. இன்னிக்கே போகணும்."

ஏன், எப்படி என்று அண்ணி கேட்கவில்லை. "கீழ வந்து நில்லு. வண்டி எடுத்துட்டு வர்றேன்."

வண்டியில் அண்ணி ரேடியோ போடவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் கியரைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். அண்ணியோடு மௌனமாகப் போவது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இன்றைய மௌனத்தில் ஏதோ கனம் கூடியிருந்தது. அவள் அதைத் தன் கவலையின் கனம் என்றே எடுத்துக்கொண்டாள்.

பழைய சாமான் கடை ஒரு கிடங்கு. முன்பக்கம் அலமாரிகள் முதுகைக் காட்டி நின்றன. பின்பக்கம் ஒரு நீளமான வேலை மேசை. கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர், நெற்றியில் பூதக்கண்ணாடி. அவர் முன்னால், மூட்டு மூட்டாகப் பிரித்துப் போட்டபடி, கொக்கு.

 கழுத்து ஒரு பக்கம், குடை ஒரு பக்கம்.

"இது எங்கப்பாவோட விளக்கு. தெரியாம வந்துடுச்சுங்க."

"உக்காருங்கம்மா. இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் அவர். பேசும்போது வாய்க்குள் 'டக்' என்று ஒரு சத்தம். "வடக்கே, குளிர் நாட்டுச் சரக்கு. ஸ்காண்டிநேவியா. எழுபது வருஷத்துக்குக் குறையாது. அங்க பாதி வருஷம் இருட்டு. விளக்கை அவன் சாமானா நினைக்கல, வீட்டுல ஒரு ஆளா நினைச்சு செஞ்சிருக்கான். இந்த முட்டியைப் பாருங்க. ஸ்பிரிங் கிடையாது. மரத்தோட எடையும் பித்தளையோட எடையும் ஒண்ணை ஒண்ணு தாங்கிக்குது. எங்க விட்டாலும் அங்கயே நிக்கும்."

"நாங்க கொக்குன்னு சொல்லுவோம்."

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. ஆனா நாலு மணிக்கு ஒரு ஹோட்டல்காரர் வர்றார். வார்த்தை குடுத்துட்டேன்."

"தெரியாம வந்ததுன்னு சொல்றேனே."

"தெரியாம எப்படிம்மா வரும்?" டக். "சுவத்துல இருந்து கழட்டறதுக்கு முன்னாடி நானே போன் பண்ணேன். ஸ்டிக்கர் இல்ல, ஆனா நல்ல பொருளா இருக்கு, எடுக்கலாமான்னு கேட்டேன். எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"பேர் தெரியாது. ஒரு பொம்பளைக் குரல். மறுபடி அந்தக் குரலைக் கேட்டா அடையாளம் சொல்லிடுவேன்."

"நான்தான்," என்றார் அண்ணி.

"ஆங், இந்தக் குரல்தான்."

கடைக்காரர் சட்டென்று ஒரு திருப்புளியைத் தேட ஆரம்பித்தார். திருப்புளி அவர் கையிலேயே இருந்தது.

இருவரும் அலமாரிகளுக்கு நடுவே போய் நின்றார்கள். ஒரு அலமாரிக் கதவில் ரசம் போன கண்ணாடி. அதில் இரண்டு பேரும் மங்கலாகத் தெரிந்தார்கள்.

"ஏன் அண்ணி?"

"உங்கப்பா துணியை யார் துவைக்கறா?"

"நீங்கதான்."

"வாரா வாரம் மூணு மாடி ஏறி எடுத்துட்டு வந்து துவைச்சுக் குடுக்கறது நான். போன வருஷம் ஒரு தலையணை உறை. இவ்வளவு பெரிசா கருகல்." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினார். "சிகரெட்டா இருக்குமோன்னு மோந்து பார்த்தேன். இல்ல. நாலு மாசம் கழிச்சு இன்னொண்ணு. அப்புறம்தான் புரிஞ்சுது. விளக்கைத் தலைக்குப் பக்கத்துல இழுத்து வெச்சுக்கிட்டுப் படிக்கிறார். அப்படியே தூங்கிடறார். குடை தலையணையில சாஞ்சு எரியுது."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? உங்க அண்ணன் குடைக்கும் தலையணைக்கும் எத்தனை அங்குலம்னு அளக்க டேப் எடுப்பார். நீ அழுவே. மாமா வெக்கப்பட்டு என்கிட்ட துணி குடுக்கறதை நிறுத்திடுவார். யாருக்கும் தெரியாம அது கடைக்குப் போயிட்டா போதும்னு நினைச்சேன்."

"நான் அப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் அண்ணி."

"குடுத்தது நீ. சுவர் என்னோடது."

அண்ணி குரலை உயர்த்தவில்லை. டிக்கெட் இல்லாதவரிடம் அபராதம் சொல்லும் அதே குரல்தான். ஆனால் சொல்லி முடித்ததும் உதட்டை அழுத்தி மூடிக்கொண்டார்.

அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு போனவள் அவள். அவர் படுக்கையில் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். அந்தத் தலையணையில் சாய்ந்துகூட இருக்கிறாள். உறை மாறியிருப்பதைக் கவனித்ததில்லை. யார் வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறோமோ, அந்த வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்கவும் தோன்றியதில்லை. தான் கொடுத்த வாக்கை நிறைவேற்ற ராத்திரியெல்லாம் விழித்திருக்க வேண்டியது அண்ணி.

 மேசைப் பக்கமிருந்து கடைக்காரர் இருமினார்.

"தப்பா நினைக்காதீங்க. காதுல விழுந்துடுச்சு. இதை வந்து பாருங்க."

மரக்கையின் உள்ளிருந்து அவர் உருவி எடுத்திருந்த வயர் மேசையில் கிடந்தது. துணி சுற்றிய பழைய வயர். விரலால் தொட்டார். உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"தலையணை கருகுனதுக்குக் காரணம் பல்பு. சின்னக் குடையில அறுபது வாட் போட்டிருக்கீங்க, அடுப்பு மாதிரி கொதிக்கும். அது சின்ன விஷயம். பெரிய விஷயம் இது. பித்தளை முழுக்க கரண்ட் பாய்ஞ்சிருக்கணும். பெரியவர் இன்னும் கல்லு மாதிரி இருக்காருன்னா, அதிர்ஷ்டசாலி."

அண்ணி அந்தப் பொடியைப் பார்த்தார். அவளையும் பார்த்தார்.

"சரி பண்ண முடியாதா?" என்று கேட்டது அண்ணிதான்.

"முடியும். புது வயர், எர்த் லைன், சூடாகாத எல்.இ.டி பல்பு, அதுலயும் மஞ்சள் வெளிச்சம். தலையணையில சாஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா திங்கக்கிழமைக்கு முன்னாடி ஆகாது. அதோட அந்த ஹோட்டல்காரர்..." டக். டக்.

அவள் அவர் வாயையே கவனித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் மனது எங்கோ இருந்தாலும் காது வேலையை விடவில்லை.

"கீழ் செட்டு ஆடுதில்லையா?"

கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி கட்டினதா? ஈறு சுருங்கிடுச்சு, செட்டு அப்படியே இருக்கு. கடிக்கும்போது எழும்புது. வலது பக்கம் புண்ணு இருக்கணுமே."

"ஜோசியமா பார்க்கறீங்க?"

"பல்லு செய்யறதுதாங்க என் வேலை. செவ்வாய்க்கிழமை எங்க டாக்டர்கிட்ட வாங்க, அளவு எடுப்பார். உள்பக்கம் புதுசா பூசி நானே இறுக்கித் தர்றேன். முறுக்குன்னாலும் கடிக்கலாம்."

கடைக்காரர் நாக்கால் கீழ்வரிசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு மேசையில் கிடந்த குடையை எடுத்து, துணியில் சுற்றி, மேல்தட்டில் வைத்தார்.

"ஹோட்டல்காரருக்கு வேற ஒண்ணு காட்டிக்கிறேன். அவருக்கு சுவத்துல ஏதாவது பித்தளையா மின்னணும், அவ்வளவுதான்."

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் அண்ணி சாவியைத் திருகவில்லை.

"வெறுங்கையோட போறோம். அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவார்."

"உண்மையைச் சொல்லலாம்."

"யாரோட உண்மை? உன்னோடதா, என்னோடதா?"

"என்னோடது சின்னது. அதுல இருந்து ஆரம்பிக்கலாம்."

முதல் முறையாக அண்ணி சிரித்தார். சிரிப்பு என்று சொல்ல முடியாது, மூக்கு வழியாக வந்த ஒரு காற்று.

நாலரை மணிக்கு அவர்கள் அறைக்குள் நுழைந்தபோது அப்பா காலையில் இருந்த இடத்திலேயே இருந்தார். வாசல் பக்கம் தலையைச் சற்றுச் சாய்த்து, ஓரப் பார்வையால் அவர்கள் கைகளைத் தேடினார்.

"கொண்டுவரலையா?"

"திங்கக்கிழமை வரும்பா. வயரிங் பார்க்கக் குடுத்திருக்கேன்னு சொன்னது பொய். இன்னிக்கு மத்தியானம்தான் குடுத்தோம். ஒரு வாரமா அது பழைய சாமான் கடையில கிடந்துச்சு. நான் ஸ்டிக்கர் ஒட்டல. யாரும் ஒட்டல."

"அதை எடுத்துக்கச் சொன்னது நான், மாமா," என்றார் அண்ணி. "ரெண்டு உறை கருகியிருந்துது. நான்தான் துவைச்சேன். பயந்துட்டேன்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ வாளியைத் தரையில் வைத்தார்கள். அப்பா தன் செருப்பு முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமா, அவமானமா என்று அவர் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.  அவர் எழுந்துவிட்டால் அவளால் தடுக்க முடியாது. தடுக்கும் உரிமையையும் காலையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவிட்டது போலிருந்தது.

"எத்தனைன்னு சொன்னே?" என்றார்.

"ரெண்டு, மாமா."

"ரெண்டு இல்ல. நாலு."

குனிந்து பையின் ஜிப்பைத் திறந்தார். வேட்டி, சட்டை, மருந்து டப்பா எல்லாவற்றையும் கட்டிலில் எடுத்து வைத்தார். அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"குப்பையில போட்டா யார் கண்ணுலயாவது படும். உன்கிட்ட குடுத்தா நீ கண்டுபிடிச்சுடுவே. ரெண்டை உன்கிட்டத் தெரியாம குடுத்துட்டேன், ரெண்டை ஒளிச்சு வெச்சேன். நான் தூங்கிடறேன்னு எனக்கே தெரியும்மா. ஆனா எழுத்து நிக்கலைன்னா, அதுக்கப்புறம் பொழுதை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

அண்ணி கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சூடாகாத பல்பு போடறாங்க. அது சரி. ஆனா கதவைச் சாத்தக் கூடாது. ஒன்பது மணிக்கு மேல அரை மணிக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பேன். சம்மதம்னா இந்தச் சுவத்துலயே மாட்டறேன்."

"டிக்கெட் கேக்க மாட்டியே?"

"கேப்பேன். சீனியர் சிட்டிசன்னா பாதி."

அப்பா செருப்பைக் கழற்றினார். ஒன்று, பிறகு இன்னொன்று. கட்டிலுக்கு அடியில் காலாலேயே தள்ளினார்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இந்த வீட்டில் அப்பா தங்குகிறார். ஐந்து மணியைப் பற்றி இனி யாரும் பேச வேண்டியதில்லை. அண்ணிக்கு நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள்.

அண்ணி அவள் பக்கம் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேலே இருந்தது ஒரு தலையணை உறை, மூலையில் கருகல். அதை மடித்து ஓரமாக வைத்தார். அடுத்தது உறை இல்லை. ஒரு சட்டை. நீலக் கட்டம். காலரில் தொடங்கித் தோள் வரை தீய்ந்திருந்தது.

அண்ணி அதை விரித்தார். பொத்தான் வரிசையில் விரல் இறங்கி, மூன்றாவதில் நின்றது. மற்றவை நீல நூல், அது மட்டும் வெள்ளை நூல்.

"இது நான் தைச்ச பொத்தான்," என்றார் மெதுவாக. "உங்க பையன் சட்டை இது. அளவை கேம்ப்ல கொடியில காயப்போட்டிருந்தப்போ காணாம போச்சுன்னு சொன்னார்."

அப்பா கையை நீட்டினார், சட்டையைத் திரும்ப வாங்கப் போவது போல. பாதியில் கை நின்றது.

"அவன் உன்கிட்ட சொல்லலையா?"

"என்ன சொல்லலையா, மாமா?"

அப்பா மகளைப் பார்த்தார். அவளுக்கும் ஒன்றும் தெரியாது என்பதை ஓரப் பார்வையிலேயே கண்டுகொண்டார். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க வழியில்லை.

"கேம்ப் கேம்ப்னு போன நாள்ல அவர் உங்க வீட்டுலயா இருந்தார்?" அண்ணியின் குரல் மறுபடி அந்தப் பழைய, உயராத குரலாகியிருந்தது. சட்டையை மடிப்புக் கலையாமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "எத்தனை நாள்?"

 அப்பா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்தது. அடுத்த கைக்குப் போனார்.